‘2000 வாட்’ என்று போட்டிருக்கிறதா? அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

சிவகாசியில் தயாராகும் ஒவ்வொரு ஓசை வெடிக்கும் சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபல் (ஏஐ), அல்லது உச்ச அளவில் 145 டெசிபல் (சி). இதைத் தாண்டும் வெடியைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று மத்திய அரசு 1999 அக்டோபரில் அறிவித்தது. சரமாகக் கோத்தால் ஒவ்வொரு வெடியின் சத்தமும் இன்னும் குறைய வேண்டும் என்று விதி இருந்தது. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடியையே தடை செய்தது. பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

அதே ஊரில் பிளைவுட்டையும் 12 அங்குல ஸ்பீக்கரையும் வாங்கி, வீட்டிலேயே சப்வூஃபர் பெட்டி அடிக்கிற இளைஞர்கள் உண்டு. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலோ சிவகாசி பத்திரகாளியம்மன் சித்திரைப் பொங்கலோ நெருங்கினால் ஆர்வம் இன்னும் கூடும். பெட்டி செய்வதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். பலகையை மில்லிமீட்டர் பிசகாமல் அறுப்பார்கள், மூலையெல்லாம் ஃபெவிகால் போட்டுக் காற்றுப் புகாமல் அடைப்பார்கள். கோட்டை விடுவது ஆம்ப்ளிபயர் வாங்கும் இடத்தில். வெடிக்கு 4 மீட்டரில் அளவு பார்க்கிற ஊரில், ஆம்ப் மேல் அச்சடித்த வாட்டை மட்டும் யாரும் அளந்து பார்ப்பதில்லை.

அந்த ஒரு எண்ணில் இருக்கிற பொய்தான் பின்னால் வரும் தொல்லைகள் பலவற்றுக்கு வேர். கைக்காசு போவது, காயில் கருகுவது, ஒயர் சூடேறித் தீப்பிடிப்பது என்று அது கிளை விடும். அதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது, கேள்வி கேட்கவும் சட்டம் இருக்கிறது.

பெட்டிக்கு எவ்வளவு தேவை?

சீல்டு பெட்டி என்றால் துளையோ குழாயோ இல்லாத, முழுக்க மூடிய பெட்டி. உள்ளே அடைபட்ட காற்று கோனைப் பின்னாலிருந்து தாங்குகிறது. அதனால் கோன் அளவுக்கு மீறித் துள்ளாது. அடி ஒவ்வொன்றும் கச்சிதமாக விழுந்து உடனே நிற்கும். மேளம், டிரம்ஸ், படத்தின் வெடிச் சத்தம் எல்லாம் குழையாமல் கேட்பது இதனால்தான். இதற்கு ஒரு விலை உண்டு. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே, அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் சத்தம் 12 டெசிபல் வீதம் இறங்கிக்கொண்டே போகும். அதைச் சரிக்கட்ட ஆம்பில் பேஸை ஏற்றுவோம். அங்கேதான் வாட் கரைகிறது.

கணக்கு இப்படி. ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் கிடைக்கும். 10 வாட்டுக்கு 97. 100 வாட்டுக்கு 107. 200 வாட்டுக்கு 110. நூறை இருநூறு ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். கூர்ந்து கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆகவே ‘100 போதாது, 200 வாங்கு’ என்று கடையில் சொல்வதை நம்பிக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், காதில் அவ்வளவாக விழாத பணம்.

பேஸ் பூஸ்ட் கதை வேறு. 30 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் ஆம்ப் நான்கு மடங்கு சக்தி கொடுத்தாக வேண்டும். சாதாரணமாக 40 வாட்டில் ஓடுகிற பாட்டு, குமிழைத் திருப்பிய அடுத்த நொடி 160 வாட் கேட்கும். ஆம்பில் அவ்வளவு இல்லை என்றால் அலையின் தலை வெட்டுப்படும். கிளிப்பிங் என்பது இதுதான்.

பத்துக்குப் பன்னிரண்டு அறையில் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் ஒரு 12 அங்குல சீல்டு பெட்டிக்கு, உண்மையான ஆர்எம்எஸ் கணக்கில் 100 முதல் 200 வாட் தாராளம். ஸ்பீக்கரின் காந்தத்தில் போட்டிருக்கும் ஆர்எம்எஸ் வாட்டை ஒட்டி ஆம்பின் ஆர்எம்எஸ் வாட் இருந்தால் போதும். இரண்டையும் ஒரே ஓமில் ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

வாட்டில் பொய் நுழையும் வழி

ஆர்எம்எஸ் என்பது ஆம்ப் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. பிஎம்பிஓ என்பது கண் இமைக்கும் நேரத்துக்குக்கூட நிலைக்காத ஓர் உச்சத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டு எழுதுவது. அதற்குப் பொதுவான அளவு முறையே கிடையாது. அதனால் எந்த எண்ணையும் போடலாம். அமெரிக்காவில் இந்த அட்டூழியம் தாங்காமல், வீட்டு ஆம்ப்ளிபயர்களின் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று அந்நாட்டு வணிக ஆணையம் 1974-லேயே விதி கொண்டுவந்தது. எத்தனை ஓம், எந்த அதிர்வெண் வரை, எத்தனை சதவீதச் சிதைவில் என்று சொல்லாத வாட் வாட்டே அல்ல என்பது அதன் சாரம். நாமும் கடையில் இந்த மூன்றையும் கேட்கலாம். பதில் வரவில்லை என்றால் மின்சாரம் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்தால் போதும். உள்ளே போனதைவிட அதிகமாக வெளியே வரவே முடியாது.

ஆன்லைனில் சின்னதாக ஒரு கிளாஸ்-டி போர்டு விற்கிறார்கள், டிபிஏ3116 சிப் போட்டது. ‘100 வாட்’ என்று எழுதியிருக்கும். கூடவே ஓர் அடாப்டர் வரும். அதைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 24 வாட். அந்தச் செட்டிலிருந்து தொடர்ந்து 24 வாட்டுக்கு மேல் வர வழியே இல்லை. போர்டு தனியாகப் பார்த்தால் பொய் சொல்லவில்லை. 21 வோல்ட் கொடுத்து 2 ஓமில் ஒற்றை சேனலாக இணைத்தால் அந்தச் சிப் 100 வாட் தரும் என்று தயாரித்த நிறுவனமே சொல்கிறது. 12 வோல்ட் அடாப்டரோடு சேர்த்து ‘100 வாட் செட்’ என்று விற்பதுதான் பொய்.

லோக்கலில் அசெம்பிள் செய்த பெட்டி ஆம்ப் என்றால் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 24-0-24, 5 ஆம்பியர் என்று இருந்தால் மொத்தம் 240 விஏ. டயோடு தாண்டி மேலும் கீழும் சுமார் 33 வோல்ட் கிடைக்கும். லோடு ஏறும்போது இறங்குவது, டிரான்சிஸ்டரில் விழுவது எல்லாம் போக 4 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட்டை ஒட்டி நேர்மையாகத் தரும். அதே டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டு முகப்பில் ‘1000 வாட்’ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், ஸ்டிக்கருக்குத்தான் விலை. செம்புக் கம்பிக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் சூடேறும் வேகம் தனி. 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடியில் மேலே அசல் கம்பெனி பெயரும் உள்ளே சின்னச் சில்லும் வைத்த போலிகள் நிறைய. கொஞ்சம் ஏற்றினாலே செத்துவிடும்.

ஓமில் செய்யும் தப்பு

100 வாட், 4 ஓம் என்றால் ஆம்ப் 20 வோல்ட் தருகிறது, 5 ஆம்பியர் ஓடுகிறது. அதே 20 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் 50 வாட்தான். ஆம்புக்கு ஆபத்தில்லை, சத்தம் கொஞ்சம் குறையும். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பேரலலாக மாட்டினால் 2 ஓம்; கணக்குப்படி 200 வாட், 10 ஆம்பியர். 4 ஓமுக்குச் செய்த ஆம்ப் இதைத் தாங்காது. முதலில் ஹீட் சிங்க் கொதிக்கும், அப்புறம் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும்.

இரட்டை வாய்ஸ் காயில் உள்ள கார் சப்வூஃபரை வீட்டுப் பெட்டியில் போடுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். 4+4 காயிலைச் சீரியலாக இணைத்தால் 8 ஓம், பேரலலாக இணைத்தால் 2 ஓம். மல்ட்டிமீட்டர் வைத்து அளந்துவிட்டுத் தொடுங்கள். 4 ஓம் காயில் மீட்டரில் மூன்றரை ஓமுக்குப் பக்கத்தில் காட்டும், அது சரியானதுதான்.

தீ எங்கிருந்து பிடிக்கிறது?

ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு சதவீதம்கூடச் சத்தமாக மாறுவது அரிது. மீதி முழுவதும் வாய்ஸ் காயிலில் சூடாகிறது. 100 வாட் போனால் 99 வாட் சூடு. சீல்டு பெட்டியில் அந்தச் சூடு வெளியேற வழியும் குறைவு. கிளிப் ஆகிற ஆம்ப் இதை இன்னும் கெடுக்கிறது. தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகிப் போன அலை, அதே உச்ச உயரமுள்ள நல்ல அலையைப் போல இரண்டு மடங்கு சக்தியைக் காயிலில் இறக்கும். ‘ஸ்பீக்கரின் வாட்டைவிட ஆம்பின் வாட் குறைவுதானே, ஒன்றும் ஆகாது’ என்பது முழு உண்மை இல்லை. சின்ன ஆம்பை நாள் முழுக்கக் கதறவிட்டால் அதுவும் காயிலைக் கருக்கலாம்.

இதைவிட மோசம் டிசி. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் 33 வோல்ட் டிசி நேராகக் காயிலுக்குப் போய்விடும். கோன் ஒரு பக்கமாகத் தள்ளி அப்படியே நிற்கும். பாட்டு வராது, சூடு மட்டும் ஏறும். பெட்டிக்குள் இலவம்பஞ்சோ பழைய துணியோ திணித்திருந்தால் அங்கேயே பற்றும். இதைத் தடுக்க ஒரு சின்ன ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் போர்டு போதும். டிசி வந்த மறுகணம் ரிலே இணைப்பைத் துண்டிக்கும். அசெம்பிள் செய்து தருபவர் ‘அது எதுக்குண்ணே, செலவு’ என்றால், அதுதான் முதலில் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஷாக் விஷயத்தில் மூன்று விதி. மெட்டல் பெட்டி என்றால் மூன்று பின் பிளக், எர்த் ஒயர் கட்டாயம். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் நிற்கும். மூடியைத் திறந்ததும் கையை விடாதீர்கள். திருவிழாவில் போஸ்ட் கம்பியில் கொக்கி போட்டு செட் ஓட்டுவது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135-ன்படி திருட்டு. எர்த்தும் ஃபியூஸும் இல்லாத அந்த லைனில் மைக்கைத் தொடுபவரின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. தற்காலிக இணைப்புக்கு மின்வாரிய அலுவலகத்தில் முறையாக எழுதிக் கொடுக்கலாம்.

இந்த வட்டாரத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுவதும் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுவதும் காலங்காலமான வேலை. ஒட்டி முடித்த பெட்டிகள் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு அடுக்கி இருக்கும். இடம் இல்லாத வீட்டில் ஆம்பை அந்த அடுக்கின் மேலேயே தூக்கி வைப்பதும் நடக்கும். காகிதத்தின் மேல் உட்கார்ந்த ஆம்புக்குக் கீழிருந்து காற்று வராது. ஹீட் சிங்க் ஒட்டிய பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். காகிதம், அட்டை, பசை இருக்கும் அறையில் ஆம்பே வேண்டாம்.

உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துப் பட்டாசு தயாரிப்பது வெடிபொருள் சட்டம் 1884-ன்படி குற்றம். மருந்து இருக்கிற இடத்தில் ரிலே தட்டும் பொறி, சுவிட்சில் வரும் பொறி, லூஸ் ஒயரில் வரும் பொறி எதுவும் சிறியது கிடையாது. ஆலையிலிருந்து வந்து, உடுப்பு மாற்றிக் கைகால் கழுவிவிட்டுத்தான் திறந்த போர்டைத் தொட வேண்டும்.

ஆம்பை சப்வூஃபர் பெட்டிக்குள்ளேயே பொருத்தும் வழக்கமும் இருக்கிறது. பெட்டிக்குள் தனி அறை தடுத்து, அந்த அறை மட்டும் வெளிக்காற்றுக்குத் திறந்திருந்தால் சரி. ஸ்பீக்கர் இருக்கும் அதே அடைப்புக்குள் வைத்தால் சூடும் அதிர்வும் சேர்ந்து சால்டரைக் கழற்றிவிடும்.

கருகிய வாசனை வந்தால் முதலில் மெயினை அணையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். புகை நிற்கவில்லை என்றால் 101 அல்லது 112.

வாங்குபவரின் உரிமை

பில் வேண்டும். எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20-ல். அதன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருக்கும் வரியும் பழுதான பொருளைப் பொறுத்தவரை செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்.

பில்லில் ‘ஆம்ப் – 1’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். ‘100 வாட் ஆர்எம்எஸ், 4 ஓம்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த அளவு வராவிட்டால் அது பழுதான பொருள் என்று வாதிட அந்தப் பில்லே ஆதாரம். எழுதித் தரத் தயங்கும் கடைக்காரர் அந்தத் தயக்கத்திலேயே உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டார்.

லோக்கலில் அசெம்பிள் செய்த ஆம்ப் வெடித்தால் யாரைக் கேட்பது? போர்டு எங்கிருந்தோ வந்தது, டிரான்ஸ்ஃபார்மர் வேறொருவர் சுற்றியது, பெட்டி இன்னொருவர் அடித்தது என்று கை விரிப்பார்கள். சட்டத்தில் இந்தப் பேச்சுக்கு இடமில்லை. பிறர் செய்த பாகங்களைச் சேர்த்துப் பூட்டுபவரும், பிறர் செய்ததில் தன் பெயரை ஒட்டுபவரும் ‘உற்பத்தியாளர்’ என்றே 2019-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பழுதான பொருளால் உடலுக்கோ உடைமைக்கோ சேதம் வந்தால் நஷ்ட ஈடு அவரிடம் கேட்கலாம். காசு வாங்கிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் பெட்டியும் ஆம்பும் செய்து கொடுக்கும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். புரொடெக்‌ஷன் போர்டுக்கு மிச்சம் பிடித்த காசு அங்கே பெரிய கணக்காகத் திரும்பி வரலாம்.

மைக் செட் வைத்துப் பிழைப்பவர்கள் ‘நமக்கு நுகர்வோர் சட்டம் கிடையாது, வியாபாரத்துக்கு வாங்கியதுதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கி, தானே பயன்படுத்தும் பொருளுக்கு அந்தத் தடை பொருந்தாது. அவரும் நுகர்வோர்தான்.

முத்திரை விஷயத்தில் ஒரு நுணுக்கம். மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையில் 2000 வாட்டும் அதற்கு மேலும் உள்ளீட்டுச் சக்தி கொண்ட ஆம்ப்ளிபயர்கள் வருகின்றன. உள்ளே இழுக்கும் மின்சாரம்தான் இங்கே கணக்கு. முகப்பு ஸ்டிக்கர் இல்லை. ஆகவே வீட்டு ஆம்ப்கள் பெரும்பாலும் அந்த வரிசையில் வராது. ஆனால் ஆடியோ, வீடியோ கருவிகளுக்கான அடாப்டர் வரும். அடாப்டர் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தோடு 8 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று காட்டும். எண்ணே இல்லாத அடாப்டரைத் திருப்பிக் கொடுங்கள். பாக்கெட் பொருளில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் தொடர்பு இவை இல்லையென்றால், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் அமலாக்க அலுவலர்களிடம் சொல்லலாம்.

பக்கத்து வீட்டுக்காரரின் உரிமை

1998-ல் பொறியாளர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 13 வயதுச் சிறுமி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது அவள் போட்ட அலறல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை என்பது அந்த வழக்குக்குக் காரணம். 2005 ஜூலை 18-ல் வந்த தீர்ப்பு ஒலிபெருக்கிக்கும் பட்டாசுக்கும் சேர்த்தே இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வரம்பு வைத்தது. சிவகாசிக்காரர்கள் பட்டாசுப் பக்கத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கும் அந்தத் தீர்ப்பில் சப்வூஃபர் பெட்டிக்கும் இடம் உண்டு.

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் (ஏ) வரம்பு. தனியார் வீட்டில் ஓடும் சவுண்ட் சிஸ்டத்தின் சத்தம் அந்த வீட்டு எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அங்கே பகலில் 50, இரவில் 40. திருவிழாவுக்கு இரவு 12 மணி வரை நீட்டிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல். பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

பேஸுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஏ’ அளவு, மனிதக் காதைப் போல அடித்தொனியைத் தள்ளுபடி செய்து காட்டும். 50 ஹெர்ட்ஸில் அந்தத் தள்ளுபடி சுமார் 30 டெசிபல். பக்கத்து வீட்டுச் சுவரில் 80 டெசிபல் பேஸ் இடித்தாலும் மீட்டரில் 50 என்றுதான் வரும். ஜன்னல் கம்பி நடுங்கும், பாத்திரம் குலுங்கும். காகிதத்தில் எல்லாம் சட்டப்படி. பட்டாசுக்கு வைத்த ‘சி’ அளவு அடித்தொனியை இப்படி விட்டுவிடாது. வெடியின் இடியைச் ‘சி’ அளவில் அளக்கும் சட்டம், சுவரை உலுக்கும் பேஸை ‘ஏ’ அளவில் விட்டுவிடுகிறது. அதனால் தூக்கம் கெட்டவர் டெசிபல் கணக்கோடு நிற்க வேண்டாம். இரவு 10 மணி தாண்டித் திறந்த இடத்தில் ஆம்ப் ஓடினால் நேரத்தை வைத்தே புகார் செய்யலாம். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அதற்குப் பெரிய தடை இல்லை. பெட்டி வைத்திருப்பவர் அதை மூலையிலிருந்தும் பொதுச் சுவரிலிருந்தும் நகர்த்தி, கீழே ரப்பர் பாதம் வைத்து, இரவில் பூஸ்டை முழுக்க இறக்கினால் பாதிச் சண்டை வராது.

வீட்டுக்காரரின் காதுக்கும் கணக்கு உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபல் வரை பத்திரம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சத்தம் 3 டெசிபல் ஏறினால் பத்திரமான நேரம் பாதியாகும்.

எங்கே போய்ச் சொல்வது?

ஏமாற்று வாட், பழுதான ஆம்ப்: முதலில் கடைக்காரருக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் தளம் என்றால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆணையம் பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். அப்படியானால் ஐந்து மாதத்துக்குள்ளும், சோதனை தேவைப்படாவிட்டால் மூன்று மாதத்துக்குள்ளும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

பொய் விளம்பரம்: மாவட்ட ஆட்சியரிடமே எழுதிக் கொடுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் விளம்பரத்தின் நகலோடு போங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும்.

இரவு நேரச் சத்தம்: 100 அல்லது 112. எழுத்துப் புகார் காவல் துணைக் கண்காணிப்பாளருக்கு. தொடர் தொல்லை என்றால் சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டைக் கோட்ட அலுவலகங்களில், பொதுத் தொல்லையை நீக்கும் உத்தரவு கேட்டு பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா பிரிவு 152-ன் கீழ் மனு கொடுக்கலாம். ஒலி மாசு விதிகளுக்குத் தாயான சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் 2024 ஏப்ரலிலிருந்து தண்டத் தொகை 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகும்.

மின்சாரத் தொல்லை, அறுந்த கம்பி: மின்னகம், 94987 94987.

கடைக்குப் போகும்போது

ஸ்பீக்கரின் ஆர்எம்எஸ் வாட்டையும் ஓமையும் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். ஆம்ப் அந்த ஓமில் எத்தனை ஆர்எம்எஸ் என்று கேளுங்கள். அடாப்டர் என்றால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் என்றால் விஏ பாருங்கள். சொல்லும் வாட் அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன், ஃபியூஸ், மூன்று பின் பிளக் மூன்றும் இருக்கட்டும். ஐந்து மீட்டருக்குள் ஸ்பீக்கர் ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் போதும். வாட்டும் ஓமும் எழுதிய பில் வாங்குங்கள். கடையிலேயே கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்து ஹீட் சிங்கைத் தொடுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்த ஆம்ப் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டால் ‘ரொம்பக் கேள்வி கேக்குறீங்க தம்பி’ என்பார்கள். சொல்லட்டும். நூறு வாட் என்று சொன்னால் நூறு வாட் காட்டு என்பது சலுகை கேட்பது ஆகாது. காசு கொடுத்தவரின் உரிமை.